கோடா, பட்டையா, வட்டமா: விரிதாள் எண்களுக்கு எந்தச் சார்ட் பொருந்தும்?

விரிதாளில் எண்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘இன்செர்ட்’ மெனுவுக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு சார்ட் வகைகள் வரிசைகட்டி நிற்கும். எக்செலில் ஆல்ட், எஃப்1 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்த மெனுவுக்குக்கூடப் போக வேண்டாம்; ஏதோ ஒரு சார்ட் உடனே வந்து உட்கார்ந்துவிடும். வந்ததை அப்படியே எடுத்து அறிக்கையில் ஒட்டுவதுதான் பலருடைய வழக்கம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். இப்போது சார்ட் பட்டனைத் தொடும் முன் ஒரே ஒரு வேலை செய்கிறேன். இந்த எண்களிடம் நான் கேட்கும் கேள்வியை முழு வாக்கியமாக எழுதிக்கொள்கிறேன். ‘கோரிக்கைகள்’ என்று தலைப்பு மட்டும் எழுதினால் போதாது. ‘போன வருஷத்தைவிட இந்த வருஷம் கோரிக்கைகள் கூடியிருக்கின்றனவா?’ என்று கேள்வியாக எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால் மெனுவில் உள்ளவற்றில் முக்கால்வாசி தானாகவே விலகிவிடும்.

பேச வசதியாக ஒரே ஒரு விரிதாளை எடுத்துக்கொள்வோம். ஓர் உதவி மையம். வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரிசை. வந்த தேதி, எந்தப் பிரிவிலிருந்து வந்தது, என்ன வகைக் கோரிக்கை, முடித்துக்கொடுக்க எத்தனை மணி நேரம் ஆனது என்று நான்கு நெடுவரிசைகள். இந்த ஒரு தாளிலிருந்தே ஐந்தாறு விதமாகச் சார்ட் போடலாம். எதிலும் எண்கள் தவறாக இருக்காது. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லும். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் சார்ட்தான் கூட்டங்களில் நேரத்தைத் தின்கிறது.

முதலில் ஒன்று. சார்ட்டே வேண்டாம் என்பதும் நல்ல தேர்வுதான். மூன்று நான்கு எண்கள்தான் இருக்கின்றன, படிப்பவருக்கு அந்த எண்கள் துல்லியமாக வேண்டும் என்றால் சிறிய அட்டவணை போதும். எண்ணைத் தேடி எடுக்க அட்டவணை; எண்களுக்குள் இருக்கும் உருவத்தைப் பார்க்கச் சார்ட்.

கோடும் பட்டையும்

அலுவலக வேலையில் பத்தில் ஏழெட்டு முறை முடிவு செய்ய வேண்டியது இந்த இரண்டுக்குள்தான். இவை பிறந்த கதையே இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்லிவிடும். 1786-இல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைப் பல பத்தாண்டுகளுக்குக் கோடுகளாக வரைந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். ஸ்காட்லாந்துக்கு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு வருஷக் கணக்குதான் இருந்தது. ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு கோடு எப்படிப் போவது? வேறு வழியில்லாமல், எந்தெந்த நாட்டோடு எவ்வளவு வியாபாரம் என்பதைப் பட்டைகளாக அடுக்கினார். காலம் இல்லாத படம் என்பதால் அவருக்கே அதில் அவ்வளவு திருப்தியில்லை. ஆனால் இன்றைக்கும் வழிகாட்டும் விதி அதுதான். காலம் ஓடினால் கோடு, காலம் நின்றால் பட்டை.

காரணம் எளியது. இரண்டு புள்ளிகளைக் கோடு இணைக்கிறது என்றால், அவற்றுக்கு நடுவே ஏதோ இருக்கிறது என்று நம் கண் எடுத்துக்கொள்ளும். ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவே நாட்கள் இருக்கின்றன. கணக்குப் பிரிவுக்கும் விற்பனைப் பிரிவுக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பிரிவுகளைக் கோட்டால் இணைத்துவிட்டால் ‘விற்பனையில் இறங்கிப் பின் ஏறுகிறது’ என்று ஒருவர் வாசிப்பார். பிரிவுகளின் வரிசையை மாற்றிப் போட்டால் அந்த ஏற்ற இறக்கமே காணாமல் போய்விடும்.

கோட்டில் நாம் பார்ப்பது சரிவை, அதாவது அது எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதை. பட்டையில் பார்ப்பது நீளத்தை. இதிலிருந்து வருவதுதான் அடிக்கடி மீறப்படும் அந்த விதி: பட்டை என்றால் அதன் நீளத்தை அளக்கும் எண் அச்சு பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும். மூன்று குழுக்களின் திருப்தி மதிப்பெண் 92, 95, 97 என்று வைத்துக்கொள்வோம். அச்சை 90-இல் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும் பட்டைகளின் நீளம் 2, 5, 7. மூன்றாவது குழு முதல் குழுவைப்போல் மூன்றரை மடங்கு உயர்ந்து நிற்கும். உண்மையில் வித்தியாசம் ஐந்து மதிப்பெண்தான். இதை யாரோ ஏமாற்றுவதற்காகச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்யத்துக்கு மேலே தொடங்கிவிடும். அச்சின் மீது வலது க்ளிக் செய்து குறைந்தபட்ச அளவை நாம்தான் 0 என்று கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு மூன்று பட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே உயரமாகத் தெரிந்தால், அதுதான் செய்தி.

கோட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உடல் வெப்பத்தைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் காய்ச்சல்கூடத் தட்டைக் கோடாகத்தான் தெரியும். அங்கே அச்சு 35-இல் தொடங்குவது நியாயம். ஆனால் படிப்பவர் கண்ணில் படும்படி எண்கள் அச்சில் தெளிவாக இருக்க வேண்டும்.

விரிதாளில் கோட்டுச் சார்ட் போடும்போது கால் இடறும் இடங்கள் சில உண்டு. முதலாவது தேதி. செல்லில் இருப்பது உண்மையான தேதியா, தேதி மாதிரித் தெரியும் எழுத்தா என்று பாருங்கள். ஜனவரி 1, ஜனவரி 8, ஜனவரி 15, மார்ச் 30 என்று நான்கு அளவீடுகள் இருக்கின்றன. உண்மையான தேதியாக இருந்தால் எக்செல் கடைசிப் புள்ளியைத் தள்ளி வைக்கும். எழுத்தாக இருந்தால் நான்கையும் சம இடைவெளியில் வைத்துவிடும். பத்து வாரத்தில் மெல்ல நடந்த மாற்றம் ஒரே வாரத்தில் நடந்த மாதிரிச் செங்குத்தாகத் தெரியும். செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா, வலப்பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்; நாமாக அமைப்பை மாற்றாதவரை எழுத்து இடப்பக்கமும் எண்ணும் தேதியும் வலப்பக்கமும் நிற்கும்.

இரண்டாவது வருஷம். 2021, 2022 என்று ஒரு நெடுவரிசை இருந்தால் அதுவும் எண்தானே என்று எக்செல் அதையும் ஒரு கோடாக வரைந்துவிடும். உங்கள் கோடு கீழே ஒட்டிக்கிடக்க, இரண்டாயிரத்துச் சொச்ச உயரத்தில் இன்னொன்று தட்டையாக ஓடும். தலைப்பு வரிசையின் இடது மூலைச் செல்லைக் காலியாக விட்டுவிட்டுச் சார்ட்டைப் போட்டால், அந்த நெடுவரிசை அடியில் எழுதும் பெயர்களாகப் போய்விடும்.

மூன்றாவது வெற்றுச் செல். அளவீடே எடுக்காத நாளும் அளந்து பூஜ்யம் வந்த நாளும் ஒன்றல்ல. வெற்றுச் செல்லுக்கு இடைவெளி விடவா, பூஜ்யமாக எடுக்கவா, கோட்டை இணைத்துவிடவா என்று விரிதாளில் நாமே சொல்ல முடியும். ஃபார்முலா வெற்று எழுத்தை விடையாகத் தந்தால் மட்டும் கவனம் வேண்டும். பார்வைக்குக் காலியாக இருக்கும் அந்தச் செல்லை எக்செல் பூஜ்யமாக வரைந்துவிடும். அங்கே வெற்று எழுத்துக்குப் பதில் ‘என்ஏ’ (NA) ஃபங்ஷனை விடையாகத் தரச் செய்தால் அந்தப் புள்ளி வரையப்படாது.

நான்காவது, என்னைச் சுட்டது. மாதவாரியாகக் கோரிக்கைகளைக் கோடாக வரைந்து ஒரு கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். கடைசி மாதத்தில் கோடு சட்டென்று பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஏன் குறைந்தது, எந்தப் பிரிவில் குறைந்தது, புதிய நடைமுறை பலன் கொடுத்துவிட்டதா என்று அரை மணி நேரம் பேசினோம். அப்புறம்தான் ஒருவர் கேட்டார்: “இன்றைக்குத் தேதி என்ன?” பன்னிரண்டு. அந்த மாதம் முடியவே இல்லை. அன்றிலிருந்து முடியாத மாதத்தைச் சார்ட்டில் சேர்ப்பதில்லை. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அந்தக் கடைசித் துண்டைப் புள்ளிக்கோடாக மாற்றிவிடுகிறேன். மற்றவர்கள் போட்ட கோட்டுச் சார்ட்டைப் பார்க்கும்போதும் என் கண் முதலில் போவது வலது ஓரத்துக்குத்தான்.

வட்டம்

பை சார்ட்டும் அதே பிளேஃபேரின் வேலைதான், 1801-இல் வந்தது. முழுமையில் எந்தப் பங்கு எவ்வளவு என்று காட்டத்தான் அது. ஐந்து பிரிவுகளிலிருந்து வந்த கோரிக்கைகள் 23, 21, 20, 19, 17 சதவீதம் என்று வைத்துப் பை சார்ட் போட்டுப் பாருங்கள். எண்களை மறைத்துவிட்டு எது இரண்டாவது பெரியது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். சொல்வது கடினம். அதே எண்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை பட்டைகளாக அடுக்கினால், படிக்கட்டு மாதிரி ஒரு பார்வையில் தெரியும். 1984-இல் வில்லியம் கிளீவ்லேண்ட், ராபர்ட் மெகில் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் மனிதர்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அச்சில் புள்ளி எங்கே நிற்கிறது என்பதையே நாம் மிகச் சரியாக ஒப்பிடுகிறோம். நீளம் அதற்கு அடுத்தது. கோணமும் பரப்பளவும் இன்னும் கீழே.

ஆகவே என் வழக்கம் இது: இரண்டு அல்லது மூன்று பங்குகள், அதில் ஒன்று ‘பாதிக்கு மேல்’ அல்லது ‘கால்வாசி’ என்று சொல்லத் தக்கதாக இருந்தால் மட்டும் வட்டம். அதற்கு மேல் போனால் பட்டைதான். முப்பரிமாணப் பை சார்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். முன்பக்கம் சாய்ந்து வரும் துண்டு எப்போதும் தன் அளவைவிடப் பெரிதாகவே தெரியும்.

பட்டையில் பெயர்கள் நீளமாக இருந்தால் படுக்கை வாட்டில் போடுங்கள், தலையைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்காது. எக்செல் படுக்கைப் பட்டையில் முதல் வரிசையை அடியில் வைக்கும். அச்சு அமைப்பில் வரிசையைத் தலைகீழாக்கும் தேர்வு இருக்கிறது.

பட்டைக்குள் பட்டையாக அடுக்கும் வகையும் உண்டு. அதில் இரண்டை மட்டுமே நம்பி வாசிக்கலாம்: மொத்த உயரமும், அடித்தட்டில் இருக்கும் நிறமும். நடுவில் இருப்பவை ஒவ்வொரு பட்டையிலும் வெவ்வேறு உயரத்தில் தொடங்குவதால் கண்ணால் ஒப்பிட முடியாது. நீங்கள் பேச வந்த பிரிவு எதுவோ அதை அடித்தட்டுக்குக் கொண்டு வாருங்கள். எல்லாப் பட்டையையும் 100 சதவீதமாக்கும் வகையில் மொத்தம் கூடியதா குறைந்ததா என்பதே மறைந்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

புள்ளிகள்

இரண்டு எண்களுக்குள் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால் சிதறல் வரைபடம். எக்செலில் ‘ஸ்கேட்டர்’ என்று தனியாக இருக்கும். கோட்டுச் சார்ட்டைப் போட்டுவிட்டுக் கோட்டை மட்டும் மறைத்தால் இது கிடைக்காது. கோட்டுச் சார்ட்டில் அடியில் இருக்கும் எண்கள் வெறும் பெயர்கள். சிதறலில்தான் அவை உண்மையான அளவுகள்.

இந்தச் சார்ட்டைப் பற்றி நினைத்தாலே எனக்கு 1986 ஜனவரி 28 நினைவுக்கு வரும். சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்டு 73 விநாடிகளில் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போனது. முந்தின இரவே பொறியாளர்கள் குளிரைப் பற்றி எச்சரித்தார்கள், வாதாடினார்கள். ஆனால் வெப்பநிலைக்கும் வளையச் சேதத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தபோது, சேதம் ஏற்பட்ட பயணங்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏழு புள்ளிகளை மட்டும் வைத்தால் குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம்; ஒரு போக்கும் தெரியாது. பிறகு விசாரணைக் குழு தன் அறிக்கையில் சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்து வரைந்து காட்டியது. 66 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களிலும், நான்கிலுமே, சேதம். அந்தக் காலையிலோ உறைநிலையை ஒட்டிய குளிர். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று ஒதுக்கப்பட்ட வரிசைகளில்தான் பதில் இருந்தது.

நம் விரிதாளில் இது சத்தமில்லாமல் நடக்கும். ஃபில்டர் போட்டு மறைந்த வரிசைகளை எக்செல் சார்ட்டில் வரையாது. தாமதமான கோரிக்கைகளை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு ‘தாமதத்துக்கு என்ன காரணம்’ என்று சிதறல் போட்டால், சேலஞ்சர் இரவின் அதே தவறுதான். தாமதம் ஆகாதவற்றையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

சிதறலைப் போடாமல், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் ஒட்டுறவு எண்ணை மட்டும் கணக்கிட்டு நம்புவதும் ஆபத்து. பிரான்சிஸ் அன்ஸ்காம் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு சிறிய தொகுப்புகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரி ஒன்றே, ஒட்டுறவும் ஒன்றே, ஏறத்தாழ 0.82. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிய சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் நேர்கோட்டை விட்டு விலகிய ஒற்றைப் புள்ளி, கடைசியில் மற்றவை எல்லாம் ஒரே செங்குத்து வரிசையில் நிற்க, தூரத்தில் நிற்கும் ஒரே புள்ளி கோட்டை இழுத்துக்கொண்டிருக்கும். எக்செல் போக்குக் கோடு போட்டுக் கொடுத்தாலும், புள்ளிகளைப் பார்த்துவிட்டு அப்புறம் கோட்டைப் பாருங்கள்.

இரட்டை அச்சு

இடது பக்கம் ஓர் அளவுகோல், வலது பக்கம் வேறோர் அளவுகோல். கோரிக்கைகள் 400-இலிருந்து 460-க்கும், ஊழியர்கள் 20-இலிருந்து 26-க்கும் போனார்கள் என்று ஒரே படத்தில் காட்ட இது வசதியாகத் தெரியும். ஆனால் இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதை நிர்ணயிப்பது உண்மை அல்ல. நாம் அச்சில் கொடுத்த குறைந்தபட்ச, அதிகபட்ச எண்கள்தான். வெட்டுப்புள்ளியை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். பார்ப்பவரோ அந்த இடத்தைத்தான் விரல் வைத்துக் காட்டுவார்.

இதற்கு மாற்று இரண்டு. ஒன்று, மேலும் கீழுமாக இரண்டு சிறிய சார்ட்டுகள், அடியில் ஒரே தேதி அச்சு. மற்றொன்று, இரண்டையும் முதல் மாதத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. இரண்டும் 100-இல் புறப்படும். கோரிக்கைகள் 115-க்கும் ஊழியர்கள் 130-க்கும் வந்து நிற்பார்கள். எது வேகமாக வளர்ந்தது என்பதில் இப்போது குழப்பம் இல்லை. இரட்டை அச்சை நான் கைவிட்டே விட்டேன்.

கூட்டுத்தொகைச் சார்ட்டிலும் ஒரு வார்த்தை. ‘இதுவரை மொத்தம்’ என்று வரும் கோடு, புதிதாக வருவது குறைந்தாலும் இறங்கவே இறங்காது. அங்கே உயரத்தைப் பார்க்காமல் சரிவு தணிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது

இனி நம் உதவி மையத்துக்கு வருவோம். கேள்வி இது: ‘தாமதம் என்று ஏன் இவ்வளவு புகார் வருகிறது?’ மாதவாரிச் சராசரி நேரத்தைக் கோடாகப் போட்டால் 4 மணி நேரத்தில் தட்டையாக ஓடுகிறது. பார்ப்பவருக்குப் பிரச்சினையே தெரியாது.

இங்கே போட வேண்டியது ஹிஸ்டோகிராம். எக்செலில் 2016 பதிப்பிலிருந்து நேரடியாகவே இருக்கிறது. மணி நேரங்களைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் எத்தனை கோரிக்கைகள் என்று காட்டும். கூறின் அகலத்தை எக்செல் தானே முடிவு செய்யும். அதை அப்படியே ஏற்காமல் இரண்டு மூன்று அகலங்கள் மாற்றிப் பாருங்கள். 12 மணி நேரம் ஒரு கூறு என்றால் எல்லாமே ஒரே மேட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு மணி நேரம் என்று வைத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்: நூறு கோரிக்கைகளில் 70 ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிகின்றன, 30 ஏறத்தாழ 11 மணி நேரம் எடுக்கின்றன. எழுபதை ஒன்றாலும் முப்பதைப் பதினொன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 400; சராசரி சரியாக 4. ஆனால் நான்கு மணி நேரம் காத்திருந்தவர் என்று அந்தத் தாளில் யாருமே இல்லை.

நடு எண்ணையும் நடுப்பாதி எண்களின் பரவலையும் ஒரு பெட்டியாகக் காட்டும் பெட்டிப் படம் போட்டாலும் இந்த இரண்டு மேடுகள் தெரியாது. பல குழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட அது நல்லது. ஆனால் குவியல் எங்கே என்பதை மறைத்துவிடும். அதை வாசிக்கத் தெரியாதவர்களும் நிறையப் பேர்.

இரண்டு மேடு தெரிந்த பிறகு ‘என்ன வகைக் கோரிக்கை’ என்ற நெடுவரிசையை வைத்துத் தாளைப் பிரித்தால், கடவுச்சொல் மாற்றுவது ஒரு பக்கமும், சாதனம் பழுது பார்ப்பது மறுபக்கமும் விழுகிறது. இப்போது கோட்டுச் சார்ட்டுக்கே திரும்பலாம், இம்முறை இரண்டு கோடுகள். கடவுச்சொல் கோடு மெல்ல இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, பழுது பார்க்கும் கோடு மாதாமாதம் ஏறியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால்தான் சராசரி அசையாமல் இருந்தது. கடவுச்சொல் கோட்டைச் சாம்பல் நிறமாக்கிவிட்டுப் பழுதுக் கோட்டுக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுங்கள். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்க வேண்டாம், அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாத கண்கள் பல உண்டு. பெட்டிக்குள் நிறக்குறிப்பு வைக்காமல் கோட்டின் முனையிலேயே பெயரை எழுதுங்கள். தலைப்பில் ‘சராசரி நேரம், மாதவாரி’ என்பதற்குப் பதில் ‘பழுது பார்க்க ஆகும் நேரம் மாதாமாதம் கூடுகிறது’ என்று போட்டு, அடியில் எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.